பாறையில் ஒரு ஜன்னல்

1971 செப்டம்பர் 4. நீலப் பெயிண்ட், இரண்டு டின். 11 டாலர் 60 சென்ட்.
செப்டம்பர் 25. அதே நீலம், இன்னும் இரண்டு டின். 11 டாலர் 60 சென்ட்.
அக்டோபர் 9. பழைய ஜன்னல் சட்டம், கண்ணாடியோடு. 3 டாலர்.
அக்டோபர் 16. வெள்ளைத் திரைத்துணி, எட்டு கெஜம். 9 டாலர் 20 சென்ட்.
அக்டோபர் 16. பித்தளைக் கம்பியும் வளையங்களும். 2 டாலர் 75 சென்ட்.
டிசம்பர் 4. பஸ் டிக்கெட், ஒருவருக்கு. 14 டாலர்.
டிசம்பர் 9. ஆளிவிதை எண்ணெய், ஒரு டின். 2 டாலர் 10 சென்ட்.
டிசம்பர் 14. மரப்பசை, ஒரு வாளி. 6 டாலர் 50 சென்ட்.

இவ்வளவும் ஓர் அறைக்கு ஆன செலவு. பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம். கூபர் பீடி என்ற பாலைவனச் சுரங்க ஊரில் லோவ்ரே தன் மனைவிக்காகப் பாறைக்குள் குடைந்த படுக்கையறை. பஸ் டிக்கெட் எப்படி இந்தக் கணக்கில் வரும் என்று கேட்கலாம். அந்த அறை சரியாக வராததால் வாங்கிய டிக்கெட் அது. ஆகவே இதில்தான் வரும்.

லோவ்ரே 1931இல் விஸ் என்ற சின்ன மீன்பிடித் தீவில் பிறந்தவன். அப்பா மத்தி மீன் பிடித்தார், அவனும் பிடித்தான். 1958இல் அதே தெருவில் இருந்த யெர்காவைக் கல்யாணம் செய்துகொண்டான். இரண்டு வருடம் கழித்து உலகத்தின் மறுபக்கத்துக்குக் கப்பல் ஏறினான். முதலில் ரயில் பாதை போடும் வேலை. பிறகு யாரோ ஒருவன் ஓப்பல் என்ற விலையுயர்ந்த கல்லைப் பற்றிச் சொல்ல, 1963இல் இந்தப் பாலைக்கு வந்து சேர்ந்தான். ஒரு வருடத்தில் அழைத்துக்கொள்கிறேன் என்று யெர்காவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். ஆனால் அவன் அம்மா படுக்கையில் விழுந்தாள். யெர்கா அவளைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கினாள். அம்மா சீக்கிரம் போய்விடவில்லை. யெர்கா இங்கே வந்து இறங்கியபோது ஆண்டு 1971, ஆகஸ்ட் 21.

மலைச்சரிவில் பதித்திருந்த தகரக் கதவை அவள் சற்று நேரம் பார்த்தாள்.

"வீடு எங்கய்யா?"

"இதான்."

"இது கதவு. வீடு எங்க?"

"கதவுக்குப் பின்னால."

உள்ளே போனாள். முன்னறை, சமையலறை, அதற்கும் பின்னே ஒரு நடை, நடையின் முடிவில் புதிதாகக் குடைந்த அறை. எல்லாம் ஒரே வெளிறிய நிறம், சாம்பல் பூசிய ரொட்டி போல. லோவ்ரே மின்விளக்கைப் போட்டுக் காட்டினான். அந்த அறையை அவன் இரண்டு குளிர்காலம் கையால் வெட்டியிருந்தான். மூலைகள் நேராக இருந்தன.

"நல்லாத்தான் குடைஞ்சிருக்க," என்றாள் யெர்கா. "கோழி வளக்கலாம்."

"நம்ம படுக்கையறை, புள்ள."

"குழிக்குள்ள படுக்கிறதுக்குச் செத்த பிறகு எவ்வளவோ நேரம் கிடக்கு. உயிரோட இருக்கிறவரைக்கும் நான் மேலதான் படுப்பேன்."

குன்றின் மேல், காரில் கட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு, ஒரு பழைய தகரக் கேரவன் நின்றிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதற்குள் போய்விட்டாள். லோவ்ரே படியில் நின்றபடி எடுத்துச் சொன்னான். இப்போது ஆகஸ்ட், குளிர் தெரியாது, வெயில் தெரியாது. டிசம்பர்தான் இங்கே கோடை, நூற்றுப் பதினைந்து டிகிரி ஏறும். இந்த ஊரில் பாதிப்பேர் பூமிக்குள் இருப்பது ஆசைக்காக இல்லை.

"தகரத்துக்குள்ள வெந்து போயிருவ."

"உன் அம்மாகிட்ட வெந்தவதான நான்," என்று உள்ளிருந்து பதில் வந்தது.

லோவ்ரே படியிலிருந்து இறங்கிக் கீழே போனான்.

யெர்காவின் அக்கா மாண்டெ தெற்கே போர்ட் லிங்கனில் இருந்தாள். அவள் புருஷனுக்குச் சொந்தமாகச் சூரை மீன் படகு. கடலைப் பார்த்த வீடு. தங்கை வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் மாண்டெ எழுதினாள். அந்தக் கடிதத்தை யெர்கா இரவுச் சாப்பாட்டின்போது சத்தமாகப் படித்தாள். ஊர் நலம், பிள்ளைகள் நலம், மீன் விலை, கடைசியில் ஒரு வரி: உனக்கென்று ஓர் அறையை ஒதுக்கி வைத்திருக்கிறேன், சுவருக்கு நம் வீட்டு நீலம் அடித்தாகிவிட்டது, ஜன்னலைத் திறந்தால் கடல். படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து, உப்புக் குப்பிக்கு அடியில் வைத்தாள்.

"பயமுறுத்துறியா?" என்றான் லோவ்ரே.

"இல்லய்யா. உள்ளதச் சொல்றேன். காலையில கண்ணத் தொறந்தா எதாவது தெரியணும். சுவத்துல ஒரு நிறம் வேணும். ஒரு ஜன்னல் வேணும். ஜன்னல்ல வெள்ளைத் திரை வேணும். அந்த மூணும் இருந்தா கீழ வர்றேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல இந்தத் தகரத்துல என்னால ஆகாது."

அவள் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. மீன் விலை படித்த அதே குரலில் சொன்னாள்.

மறுநாளே கடையிலிருந்து நிற அட்டை வாங்கி வந்தான். இருவரும் கேரவன் படியில் உட்கார்ந்து பார்த்தார்கள். யெர்கா ஒவ்வொரு சதுரத்தின் மேலும் விரலை வைத்தாள்.

"இது ஆஸ்பத்திரி நீலம். இது போலீஸ்காரன் நீலம். இது..." அட்டையை வெயிலில் சாய்த்தாள். "இது செத்தவன் உதடு."

"அப்ப எது?"

"இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும். இல்ல. சரி, இத வாங்கு. காஞ்சா வெளுக்கும்ல?"

இந்த ஊரில் பாறைக்குப் பெயிண்ட் அடிப்பவர் கிடையாது. பாறை மூச்சு விடும். உள்ளே இருக்கும் ஈரமும் உப்பும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். மேலே எதைப் போட்டு மூடினாலும் பின்னாலிருந்து தள்ளிவிடும். லோவ்ரேவுக்கு இது தெரியாதா என்றால் தெரியும். எட்டு வருடமாகத் தெரியும். ஆனால் அவள் கேட்ட மூன்றில் முதலாவதையே முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆகவே அடித்தான்.

பக்கத்துக் குகை வீட்டுக்காரன் மாந்தோஸ். கிரேக்கன், அறுபதை நெருங்கியவன். கலிம்னோஸ் தீவில் இருபது வருடம் கடலடியில் இறங்கிக் கடற்பஞ்சு எடுத்தவன். அந்த வேலையில் ஒரு காது போய்விட்டது. அதனால் எதையும் ஊருக்கே கேட்கும்படி சொல்வான்.

"என்ன மாப்ள, மலைக்குச் சட்டை போடுறியாமே?"

"சத்தமாப் பேசாத. மேல இருக்கா."

"கேக்கட்டுமே. அந்தப் புள்ளைக்கு எவனாவது உண்மையச் சொல்லணும்ல. மூணு வாரம். சட்டை கிழிஞ்சிரும்."

இரண்டு வாரத்தில் கிழிந்தது. முதலில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். பிறகு ஒரு கொப்புளத்தை விரலால் தொட்டால் உள்ளங்கை அளவு நீலம் கையோடு வந்தது. லோவ்ரே சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி இரண்டு டின் வாங்கி அடித்தான். அது இன்னும் பெரிய தோலாகத் தொங்கியது. யெர்கா நடையில் நின்று எட்டிப் பார்த்தாள். திரும்பிப் போனாள்.

அடுத்தது ஜன்னல். அந்த அறையிலிருந்து மலைமுகம் இருபத்தைந்தடி. ஒரு பக்கம் சமையலறை, மறுபக்கம் மாந்தோஸின் அடுப்படி, மேலே பதினெட்டடிப் பாறை. பின்பக்கம் குன்றின் உடல் முழுவதும் இருந்தது. எந்தப் பக்கம் வெட்டினாலும் வானம் கிடைக்காது. ஓட்டை விழுந்தாலும் மாந்தோஸ் முட்டை பொரிப்பதுதான் தெரியும். பல நாள் யோசித்துவிட்டு, இடித்த ஒரு கிடங்கிலிருந்து மூன்று டாலருக்கு ஒரு ஜன்னல் சட்டம் வாங்கினான். நான்கடிக்கு மூன்றடி, நல்ல மரம், வெள்ளைச் சாயம் பூசியது. அதைப் பின்சுவரில் பதித்தான். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சட்டத்துக்குள் இருந்த பாறையிலிருந்து நீலத்தை முழுவதும் சுரண்டி எடுத்தான். அங்கே ஒரு கடல் படம் ஒட்டுவதாகத் திட்டம்.

யெர்காவிடம், "ஜன்னல் தயார். திரை தச்சுக்க," என்று மட்டும் சொன்னான்.

அவளுக்குச் சந்தோஷம். கடைக்குப் போய்த் துணி எடுத்தார்கள். கடைக்காரி ஐந்து வகை வெள்ளையை விரித்துப் போட, யெர்கா ஒவ்வொன்றையும் முகத்துக்கு நேராகத் தூக்கி ஊதிப் பார்த்தாள். ஊதினால் அசைய வேண்டும், ஆனால் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவள் கணக்கு. எட்டு கெஜம் எடுத்தாள். கையால் மடிப்பு வைத்துத் தைத்து, கீழ் ஓரத்தில் அவர்கள் தெருப் பெண்கள் போடும் சங்கிலித் தையல் போட்டு முடித்தாள். நவம்பர் முதல் வாரம் திரையைக் கையில் மடித்துக்கொண்டு கீழே வந்தாள். லோவ்ரே மாட்டிக் கொடுத்தான். அவள் எதிரே நின்று, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையாலும் திரையை விலக்கினாள்.

பாறை.

முதலில் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். லோவ்ரேவும் கூடச் சிரித்துவிட்டான். பிறகு அவள் திரையைப் பழையபடி இழுத்து மூடினாள். மூடிய திரைக்கு முன்னால் அப்படியே நின்றாள். அவள் தோள் அசைவதைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"படம் ஒண்ணு ஒட்டலாம்னு..."

"ஒட்டாத."

"பாத்தியா, வேற வழி..."

"பொய் ஜன்னலுக்கு நானே உக்காந்து திரை தச்சிருக்கேன் பாரு," என்றாள். "போதும்யா. நீ முடிஞ்சதச் செஞ்ச. அது எனக்குத் தெரியும்."

முடிந்ததைச் செய்தாய் என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு செய்வதற்கு என்ன இருக்கிறது. டிசம்பர் 4ஆம் தேதி அவள் பஸ் டிக்கெட் வாங்கினாள். 15ஆம் தேதி பகல் இரண்டு மணிக்கு. வெயில் தணிந்ததும் வருவேன் என்றாள். வருவாள் என்று லோவ்ரே நம்பவில்லை. அவளும் நம்பினாளா என்று சொல்ல முடியாது. திரையைக் கழற்றி மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டாள். மாண்டெ வீட்டு ஜன்னலுக்கு ஆகும்.

டிசம்பர் 7 பகல், கேரவனுக்குள் கதவுப் பிடியைத் தொட முடியவில்லை. துணி அலசிய தண்ணீரைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு யெர்கா கீழே வந்தாள். தண்ணீர் காசுக்கு விற்கும் ஊர் இது. முகம் கழுவிய தண்ணீரில் பாத்திரம், பாத்திரம் கழுவியதில் தரை என்று எதையும் மூன்று தடவை பயன்படுத்தாமல் கொட்டுவதில்லை. அறைத் தரையைத் துடைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாள். லோவ்ரே அங்கே முக்காலியில் உட்கார்ந்து, தொங்கும் நீலத் தோல்களைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பாதிச் சுவர் நீலம், பாதிச் சுவர் வெறும் பாறை. நடுவில் அந்த ஜன்னல் சட்டம்.

"அத ஏன் இன்னும் வச்சிருக்க?"

"எது?"

"அந்த ஜன்னலத்தான்."

"ஒண்ணுமில்ல. பிடுங்கினா சுவர் உடையும்."

அவள் ஒரு கணம் சட்டத்தைப் பார்த்தாள். பிறகு தொட்டியைத் தூக்கி, இருந்த தண்ணீர் முழுவதையும் அதன் மேல் வீசினாள்.

லோவ்ரே எழுந்துவிட்டான். தண்ணீரை வீணாக்கினாள் என்பதுதான் அவன் மனதில் முதலில் ஓடியது. அதைச் சொல்ல வாயையும் திறந்தான்.

சட்டத்துக்குள் நிறம் வந்துகொண்டிருந்தது.

தண்ணீர் வழிந்த வழியில் வெளிறிய பாறை கருத்தது. கருத்தது மாறிச் சிவந்தது. மேலே மெல்லிய ரோஜா நிறம், அதற்குக் கீழே முட்டை மஞ்சள், மஞ்சளுக்கு அடியில் பால் வெள்ளையாக ஒரு கோடு, நூல் பிடித்தது போல நேராக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. கோட்டுக்குக் கீழே ஊதாவும் சாம்பலும் கலந்து அலை அலையாக இறங்கின. நடுநடுவே ஜிப்சத் துகள்கள் விளக்கு வெளிச்சத்தில் மின்னின. சாயங்காலம் தீவின் மேற்குக் கரையில் நின்றால் வானமும் தண்ணீரும் சேரும் இடம் எப்படி இருக்குமோ, அப்படி. அந்தச் சட்டம் அளந்து வைத்தது போல அதைச் சுற்றி நின்றது.

ஓப்பல் எடுப்பவன் எந்தக் கல்லையும் நக்கிப் பார்ப்பான். காய்ந்த கல் எதையும் காட்டாது, நனைந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். இதற்காக யெர்கா வந்த நாளிலிருந்து அவனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். கல்லை நக்கின வாயைக் கழுவிவிட்டு வா என்பாள். எட்டு வருடத்தில் லோவ்ரே எத்தனையோ கல்லை நக்கியிருக்கிறான். எல்லாம் கைக்கு அடங்கும் கல். குடியிருக்கும் சுவரை நனைத்துப் பார்க்க அவனுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் ஊரில் யாருக்குத் தோன்றும்?

"லோவ்ரே," என்றாள் யெர்கா மெதுவாக. "இங்க வா. இது என்ன?"

வெள்ளைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, வலது ஓரத்தில், பெருவிரல் அளவில் ஒரு சிப்பி. பாறைக்குள் பாதி புதைந்து, பாதி வெளியே. அதன் வரிகள்கூடத் தெளிவாக இருந்தன. மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய பச்சை ஒளி ஒன்று ஓடியது.

அவன் சுரங்கத்தில் சிப்பிகளைப் பார்த்திருக்கிறான். நிறம் இருந்தால் உடைத்து விற்பார்கள், இல்லாவிட்டால் வீசிவிடுவார்கள். இங்கே எப்போதோ கடல் இருந்தது என்று எல்லாரும் பேசிக்கொள்வார்கள். பேச்சாகக் கேட்டிருக்கிறான். இப்போது அந்தச் சிப்பிக்கு முன்னால் நின்றபோதுதான் அது அவனுக்கு உறைத்தது. தான் நிற்கும் தரை, தலைக்கு மேலே இருக்கும் பாறை, அதற்கு மேல் கேரவன், எல்லா இடத்திலும் ஒரு காலத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது. மனிதன் என்று ஒருவன் வருவதற்கு எத்தனையோ காலம் முன்னால். அப்போதும் இந்தச் சிப்பி இதே இடத்தில் இருந்தது.

யெர்கா முகத்தைச் சுவரருகே கொண்டுபோனாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. நாக்கை நீட்டிப் பாறையைத் தொட்டாள்.

"உப்பு," என்றாள்.

அவனும் தொட்டுப் பார்த்தான். உப்புத்தான். அதற்குள் மேல் ஓரத்திலிருந்து நிறம் காய ஆரம்பித்தது. ரோஜா போயிற்று. மஞ்சள் போயிற்று. வெள்ளைக் கோடு சற்று நேரம் நின்று அதுவும் மங்கியது. கடைசியில் பழைய சாம்பல் பாறையும் அதில் ஒரு காய்ந்த சிப்பியும் மிஞ்சின.

"இத நிறுத்தி வைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"எத?"

"அந்த நிறத்த. காயாம."

"தெரியல புள்ள."

"நிறுத்தினா நான் டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துர்றேன். தெனமும் தண்ணி ஊத்திப் பாக்க நாம ராஜா வீட்டுப் பிள்ளைகளா? நிறுத்து."

அவன் ஆளிவிதை எண்ணெய் வாங்கி ஒரு மூலையில் தேய்த்தான். எண்ணெய் நிறத்தை எடுத்துக் காட்டவில்லை, எல்லாவற்றையும் ஒரே பழுப்பாக்கியது. கையிலிருந்த வார்னிஷை இன்னொரு மூலையில் அடித்தான். மீன் செதில் மாதிரிப் பளபளத்தது. பாறை தெரியவில்லை, விளக்குதான் தெரிந்தது. 13ஆம் தேதி வேறு வழி தெரியாமல் மாந்தோஸைக் கூட்டி வந்தான். மாந்தோஸ் கேலிக்குத் தயாராகவே வந்தான்.

"என்ன, மலைக்கு இப்ப கால்சட்டையா?"

யெர்கா ஈரத்துணியை எடுத்துச் சட்டத்துக்குள் இழுத்துத் துடைத்தாள். நிறம் வந்தது.

மாந்தோஸ் தொப்பியைக் கழற்றினான். அவன் தொப்பியைக் கழற்றி லோவ்ரே பார்த்ததில்லை, சாவு வீட்டிலும் பார்த்ததில்லை. வெள்ளைக் கோட்டுக்குக் கீழே இருந்த ஊதா அலைகளை விரலால் தொடாமல் காட்டினான்.

"இது தரை," என்றான். முதல்முறையாகத் தணிந்த குரலில் பேசினான். "கடலோட தரை. மணல் இப்படித்தான் படுத்திருக்கும். நான் இது மேல நடந்திருக்கேன், மாப்ள. இருபது வருஷம் இது மேலதான் நடந்தேன்." லோவ்ரேவின் பக்கம் திரும்பினான். "இதுக்காய்யா பெயிண்ட் அடிச்ச?"

"காயாம வைக்க வழி சொல்லுண்ணே," என்றாள் யெர்கா.

"மரப்பசை. வெள்ளையா இருக்கும்ல, தச்சன் வச்சிருப்பான், அது. ஒண்ணுக்கு நாலு தண்ணி விட்டுக் கரைக்கணும். பஞ்சால ஒத்தணும், தேய்க்கக் கூடாது. குன்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் வீட்டுல தூசி கொட்டாம இருக்கப் பூசிருக்கான். நிறம் நிக்குமான்னு தெரியாது. தூசி நிக்குது."

"நிக்கலேன்னா?"

"நிக்கலேன்னா உனக்கு ரெண்டு மணிக்கு பஸ் இருக்கு," என்றான் மாந்தோஸ்.

பசை மறுநாள் மாலைதான் கடையில் கிடைத்தது. 15ஆம் தேதி காலையில் லோவ்ரே கரைத்தான். மாந்தோஸ் தன் பழைய கடற்பஞ்சுகளில் ஒன்றைக் கொடுத்திருந்தான். சட்டத்துக்குள்ளும், சுரண்டி முடித்த பின்சுவர் முழுவதும் ஒத்தி எடுத்தான். யெர்காவின் பெட்டி நடையில் கட்டித் தயாராக இருந்தது. அவள் வெளியூர் போகும் உடை உடுத்திக் கையில் பையோடு வாசலில் நின்று பார்த்தாள்.

பசை பட்டதும் சுவர் வெள்ளையாயிற்று. பாலைக் கொட்டிய மாதிரி. ரோஜா இல்லை, மஞ்சள் இல்லை, கோடு இல்லை. சிப்பி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புடைப்பு மட்டும் இருந்தது. லோவ்ரே பஞ்சைக் கீழே வைத்தான். இதுவும் போயிற்று என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு பெயிண்டை எடுக்க மூன்று மாதம் ஆயிற்று, இதை எடுக்கவே முடியாது. சிப்பியையும் சேர்த்து மூடிவிட்டான்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முகத்தில் என்ன இருக்கும் என்று பார்க்கத் தைரியம் இல்லை.

"மணி என்ன?" என்று கேட்டான்.

"பன்னெண்டு."

"சாப்பிட்டுட்டுப் போறியா?"

"இல்ல. உக்காரு."

முக்காலியை இழுத்து அவனை உட்காரச் சொன்னாள். நடையிலிருந்த பெட்டியை உள்ளே இழுத்து அதன் மேல் தான் உட்கார்ந்தாள். அறை குளிர்ச்சியாக இருந்தது. மேலே நூற்றுப் பத்தைத் தாண்டியிருக்கும். சுவர் வெள்ளையாகவே இருந்தது. இருவரும் அதைப் பார்த்தபடி இருந்தார்கள். வேறு பார்க்க ஒன்றும் இல்லை.

மேல் மூலையில் முதலில் ஒரு கறை மாதிரி தெரிந்தது. கறை பரவியது. பால் மெலிந்துகொண்டே வந்தது. அதன் வழியாக ரோஜா வந்தது, மூடிய இமைக்குள்ளிருந்து வெளிச்சம் தெரிவது போல. பிறகு மஞ்சள். பிறகு கோடு, ஒரு முனையிலிருந்து, யாரோ மெதுவாக வரைந்துகொண்டு போவது போல. ஊதா அலைகள் கடைசியாக வந்தன. சிப்பியின் விளிம்பில் அந்தப் பச்சை ஓடியது. சட்டத்துக்கு வெளியேயும் வந்தது. கட்டில் தலைமாட்டுப் பக்கம், கூரைக்கு அருகே, அவன் இரண்டு குளிர்காலம் உளியை வைத்து வெட்டிய சுவர் முழுவதும் நிறம் ஏறி நின்றது. அத்தனையும் வெட்டும்போது அவன் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

யெர்கா எழுந்து விரலால் தொட்டாள். காய்ந்திருந்தது. நிறம் போகவில்லை.

மேலே சாலையில் பஸ்ஸின் ஒலிப்பான் கேட்டது. ஒருமுறை, சற்றுப் பொறுத்து இன்னொருமுறை. யெர்கா பெட்டியின் கட்டை அவிழ்த்தாள். மேலே இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். அடியிலிருந்து திரையை எடுத்தாள். வளையங்களைக் கம்பியில் கோர்த்துச் சட்டத்துக்கு மேலே மாட்டி, இரண்டு பக்கமும் இழுத்து மூடினாள். காற்றுக்காகக் கூரையில் துளைத்திருந்த புழையிலிருந்து வந்த காற்றில் துணி லேசாக அசைந்தது. கடையில் அவள் ஊதிப் பார்த்தது சரியாகத்தான் இருந்தது.

"டிக்கெட்?" என்றான்.

"பாதிக் காசு குடுப்பான். குடுக்காட்டிப் போறான்." பிறகு, "கேரவன்ல என் செருப்பு கிடக்கு. எடுத்துட்டு வா," என்றாள்.

அந்த வருடக் கிறிஸ்துமஸை அவர்கள் கீழேதான் கொண்டாடினார்கள். ஜனவரியில் மாந்தோஸ் தன் அறையைக் காட்ட யெர்காவைக் கூப்பிட்டான். அதிலிருந்து ஊரில் யார் புதிதாக அறை வெட்டினாலும் அவளைக் கூப்பிடுவது வழக்கமாயிற்று. ஈரத்துணியோடு போவாள். சுவரைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு அங்குலம் உள்ள போ, அங்க நல்ல சிவப்பு இருக்கு" என்பாள், அல்லது "நிறுத்து, இதுக்கு மேல போனா வெளுத்துரும்" என்பாள். ஜன்னல் இல்லாத அறைகளுக்கும் திரை தைத்தாள். கதவு போட்டால் காற்று ஓடாது என்பதால் வாசலில் திரைதான் தொங்கும். துணியை வெயிலில் பார்த்து எடுக்க விடமாட்டாள். விளக்கைப் போட்டு, சுவர் மேல் பிடித்துப் பார்க்கச் சொல்வாள். "வெளிச்சம் உனக்கு எங்க இருக்கோ அங்க வச்சுப் பாரு" என்பது அவள் வாயில் எப்போதும் வரும் சொல்.

சிப்பிக்கு ஒரு வியாபாரி நல்ல விலை சொன்னான். யெர்கா அவனைக் காபி குடிக்க வைத்து அனுப்பினாள். லோவ்ரே 1988 வரை சுரங்கத்தில் வேலை செய்தான். சாப்பாட்டுக்குக் கிடைத்தது, பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டவர்களை அவன் படுக்கையறைக்குக் கூட்டிப்போவான். காலையில் அவன் காபி போட்டுக்கொண்டிருக்கும்போது கம்பியில் வளையங்கள் நகரும் சத்தம் கேட்கும். அதன்பின் கொஞ்ச நேரம் உள்ளே எந்தச் சத்தமும் இருக்காது. அந்த நேரத்தில் அவளைக் கூப்பிடக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். எத்தனை வருடமானாலும் அவனும் அந்த அறைக்குள் கொஞ்சம் குரலைத் தணித்துத்தான் பேசினான்.

மாண்டெ மட்டும் விடவில்லை. ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் அறை காலியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டே இருந்தாள். யெர்கா படித்துவிட்டு உப்புக் குப்பிக்கு அடியில் வைப்பாள். பிறகு இரண்டு வீட்டிலும் டெலிபோன் வந்தது, எழுதுவது நின்றது. கடைசிக் கடிதத்தில் அந்த வரி மாறியிருந்தது. மூத்தவனுக்குக் கல்யாணம், அந்த அறையை அவனுக்குக் கொடுக்கப் போகிறேன், நீலம் பழசாகிவிட்டது, சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று நீதான் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாள். யெர்கா அதைச் சத்தமாகப் படித்தாள். லோவ்ரே சிரித்தான். அவள் சிரிக்காமல் யோசித்துவிட்டு, "மொதல்ல சுவத்த நனைச்சுப் பாக்கச் சொல்லணும்," என்றாள்.

அந்தக் கடிதம் வந்தது 1979 மே 3.